காகிதம் இறங்கிய கப்பல்

காகிதங்களை இறக்கி முடித்த வெள்ளிக்கிழமை மதியம், அமெரிக்காவின் நார்ஃபோக் துறைமுகத்தில் கட்டியிருந்த போர்க்கப்பல் தண்ணீரை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. கையேடுகளும் வரைபடங்களும் உதிரிபாகப் பட்டியல்களும் லாரி லாரியாக எரியுலைக்குப் போயிருந்தன. அத்தனையும் அடங்கிய குறுந்தகடுகள் ஒரு செருப்புப் பெட்டியில் வந்து சேர்ந்தன. இடம் மிச்சமாகும் என்று மேலிடம் கணக்குப் போட்டிருந்தது; பாரமும் மிச்சமாகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கப்பலை உந்தும் விசிறிகள் காற்றில் வீணாய்ச் சுற்றின. கடற்பறவைகள் அடிப்பக்கமாக நுழைந்து மறுபுறம் வெளியேறின.

கப்பல் நீரைத் தொடும்வரை யாருக்கும் விடுப்பில்லை என்று கேப்டன் ஹாஸ்கெல் உத்தரவிட்டார். தகடுகளுக்குப் பொறுப்பாளியான மூத்த மாலுமி, சீஃப் லயனல் பெர்ஜெரானுக்கு அழுகையே வந்துவிட்டது. மொபீல் நகரில் அவன் மனைவி ஓடெட் நிறைமாதமாக இருந்தாள். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருப்பேன் என்று சத்தியம் செய்திருந்தான்.

"கப்பல் பறக்குதா?" என்றாள் அவள் தொலைபேசியில். "வேற பொய்யே கிடைக்கலையா உனக்கு? வர இஷ்டமில்லன்னு சொல்லிட்டுப் போயேன்."

கப்பல் பறப்பதைத் தலைமையகம் உடனே ஏற்றுக்கொண்டது. அறிக்கையைத் தகட்டில் அனுப்பியதைத்தான் ஏற்கவில்லை. திரும்பி வந்த தகட்டைக் கேப்டனும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல எங்கய்யா கையெழுத்துப் போடறது? இனிமே எல்லா அறிக்கையையும் அச்சடி சீஃப். மூணு மூணு பிரதி."

"காகிதத்தை ஒழிக்கத்தானே சார் தகடே வந்துச்சு?"

"அதை எழுத்துல குடு. அதுவும் மூணு பிரதி."

இருந்ததோ ஒரே ஓர் அச்சு இயந்திரம். அதுவும் அடிக்கடி தாளை மென்று துப்பியது. லயனல் அதை உதைத்தான், திட்டினான், கெஞ்சினான். இதற்கிடையில் மகள் பிறந்தாள்; பெயரைத் தொலைபேசியில்தான் கேட்டுக்கொண்டான். பிரதிகள் அடுக்க அடுக்கக் கப்பல் விரல் விரலாய் இறங்குவதைக் கண்ட பிறகு அவனுக்கு வெறி பிடித்துவிட்டது. எரித்த கையேடுகள் அத்தனையையும் திரும்ப அச்சடித்தான், சமையலறைச் சாப்பாட்டுப் பட்டியல்கூட மூன்று பிரதி. கேப்டன் ஒவ்வொன்றிலும் சந்தோஷமாகக் கையெழுத்திட்டார்.

குளிர்காலம் கழிந்து ஒரு காலையில் கப்பல் தண்ணீரில் அமர்ந்தது. அன்றைக்கென்று ஓடெட், பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கக் குழந்தையுடன் துறைக்கு வந்து சேர்ந்தாள். எல்லாக் கப்பலையும் போல அதுவும் நீரில் கிடந்தது, முன்பைவிடச் சற்றுத் தாழ்வாகவே.

"ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா பாத்திருப்ப" என்றான் லயனல்.

ஓடெட் கப்பலைப் பார்த்தாள். மை அப்பிய அவன் விரல்களையும் குழி விழுந்த கண்களையும் வெகுநேரம் பார்த்தாள்.

"சரிய்யா, பறந்துச்சு. இந்தா, உன் மகளைப் பிடி. கை மரத்துப்போச்சு எனக்கு."

அவன் வாங்கினான். முன்பின் தெரியாத ஆளைக் கண்டு குழந்தை வீறிட்டு அழுதது.