உண்ணிக்குப் போட்ட பொடி

சிட்டு குட்டை நாய், முடியும் குட்டை. ஞாயிறுதோறும் மொக்கம்மாள் அதை வெந்நீரில் குளிப்பாட்டி, காதைத் துடைத்து, உண்ணிகளைப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுவாள். ஏலக்காய் எடுப்பு மும்முரத்தில் எஸ்டேட்காரர்கள் இந்த ஞாயிற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். நாய் சொறிந்த சொறியில் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் தூக்கமில்லை.

"செடிக்குப் போடுற மருந்துப் பொடியில கொஞ்சம் கொண்டாய்யா. பூச்சியைக் கொல்றது உண்ணியைக் கொல்லாதா?" என்று புருசன் வீரணனிடம் கேட்டு வாங்கியவள் அவள்தான். மத்தியானச் சோற்றுக்கு வந்தபோது நாய்க்குத் தேய்த்தாள். குட்டை முடியானதால் பொடி நேரே தோலுக்கு இறங்கியது. உண்ணி பொலபொலவென்று உதிர்ந்ததில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி ஜீப்பும் மலையடியில் இருக்கும் போடிக்கு இறங்கிப் போன பிறகுதான் இருவரும் வேலை விட்டு வந்தார்கள். வாசலில் சிட்டு வாயில் நுரை தள்ள, கால்கள் வெட்டி வெட்டி இழுக்கக் கிடந்தது. உடம்பை நக்கியிருக்கிறது.

"இதை எவளாவது நாய்க்குப் போடுவாளா?" என்று கொண்டுவந்து கொடுத்தவனே கத்தினான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து, "மிச்சத்தை எங்க வச்ச? பிள்ளை கை படாம வெரசா எடுத்துத் தூரப் போடு!" என்றான்.

மிச்சம் இல்லை. பேன் அரிக்கிறதென்று அழுத மகள் பொன்னுமணியின் தலையில் மிச்சப் பொடியைத் தேய்த்து, துணியை இறுக்கிக் கட்டித் தூங்கவைத்துவிட்டுத்தான் மொக்கம்மாள் மத்தியானம் காட்டுக்குப் போயிருந்தாள்.

நாய்க்கு ஊற்றக் கொண்டுவந்த குடத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.