வேலிக்கொடியும் ஒரு பிளாஸ்டிக் கேனும்

கிருபாகரனுக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. இறங்கினால்தான் அதிசயம்! அவன் செய்த காரியம் அப்படி.

சென்னீர்குப்பம் பக்கம் ஒரு தனியார் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்கிறான். அங்கே பெருக்கித் துடைக்கிற நாகம்மா, அண்ணனூரில் தன் வீட்டுப் பக்கம் படரும் ஒரு வேலிக்கொடியைத் தினமும் கட்டைப்பை நிறையப் பறித்து வந்து அவனிடம் கொடுப்பாள். அந்த இலைச்சாற்றிலிருந்து ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் ஒன்றைப் பிரித்துவிட்டான். அதை வைத்துப் புதிதாக நாலு மூலக்கூறுகளும் செய்து முடித்தான். "உன் கொடிதான்க்கா நாளைக்கு சுகர் மாத்திரை" என்று வாய்க்கொழுப்பில் அவளிடம் அளந்தும் விட்டான்.

பிறகு ஒருநாள், சும்மா சரிபார்க்கலாமே என்று, இலையே போடாமல், சாறு பிரிக்கப் பயன்படுத்தும் ஹெக்சேன் திரவத்தை மட்டும் ஆவியாக்கிப் பார்த்தான். அதே பொருள் அடியில் நின்றது. ஐயோ! ஹெக்சேன் கண்ணாடி பாட்டிலில்தான் வரும். குமணன்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவரும்போது உடைந்துவிடுமே என்று அதை பிளாஸ்டிக் கேனுக்கு மாற்றியவன் இவனேதான். இலையில் ஒன்றுமில்லை. எல்லாம் கேனிலிருந்து கரைந்து வந்த சங்கதி.

சொன்னானா? மூச்சு விடவில்லை. தீசிஸ் கொடுக்க ஒரு மாதம்தான் இருந்தது. நாலு நாள் கழித்து, இந்த இலை மருந்தைப் பற்றிய கட்டுரை ஆய்விதழில் ஏற்கப்பட்டதென்று அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியை மைதிலி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். நாகம்மாவும் கூச்சத்தோடு ஒரு துண்டு வாங்கித் தின்றாள். இந்தப் பாவி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

இன்று நாகம்மா காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தாள். கையில் அதே கட்டைப்பை.

"இன்னாக்கா ஆச்சு?"

"சின்னக் கொப்புளம் நைனா, சீழ் வெச்சிகிச்சு. சுகரு நானூறு கீதாம். வெரல எடுக்கணுமான்னு நாளைக்கு சொல்றேன்றாரு டாக்டரு."

"சுகர் மாத்திரை போடறல்ல?"

"அத எதுக்குப் போட்டுகினு? நம்ம எலயத்தான் அரைச்சிக் குடிக்கிறேன். நீதான சொன்ன?"

 இதற்கு மேலும் மறைத்தால், தான் மனுஷனே இல்லை என்று கிருபாகரனுக்குத் தோன்றியது. ஸ்டூலை இழுத்து அவளை உட்காரவைத்தான். கேன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். இலையில் மருந்து எதுவும் இல்லை, இப்போதே மாத்திரையைப் போடு என்று கெஞ்சினான்.

நாகம்மா அந்தக் கேனைப் பார்த்தாள்.

"உனுக்கு எப்பத் தெரிஞ்சிது?"

"ரெண்டு வாரம் ஆச்சுக்கா."

அவள் விரல் மடக்கி எண்ணினாள்.

"மைசூர்பாகு துன்ன அன்னிக்குத்தான் நான் மாத்திரைய நிறுத்துனேன். பத்து நாள்தான் நைனா ஆவுது."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். 

"வாக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் கூட வரேன்."

"என் புள்ள இட்டுகினு போவான். நீ மொதல்ல மேடத்துகிட்ட போயி சொல்லு. அந்தக் கட்டுரையப் படிச்சிட்டு இன்னும் எத்தினி பேரு மாத்திரைய நிறுத்துவாங்களோ."

கிருபாகரன் கேனைக் கையில் எடுத்துக்கொண்டு மைதிலியின் அறைக்குப் போனான்.