விளக்குக்குக் கீழே

"கண்ணாடி போட்டவன் சாரத்துல ஏறக் கூடாது" என்று மேஸ்திரி ஒரே போடாகப் போட்டுவிட்டார். உயரத்தில் வேர்வை வழிந்தால் கண்ணாடி மூக்கில் நிற்காது. நியாயமான பேச்சுதான். ஆனால் ஆயுசெல்லாம் கட்டடத்துக்குக் கழி நட்டுச் சாரம் கட்டியவனைத் தரையில் நின்று செங்கல் எடுத்துக் கொடு என்றால், மீனைக் கரையில் போட்டு நடக்கச் சொன்ன கதைதான். லேசர் வைத்தால் கண்ணாடியே வேண்டாம் என்று யாரோ சொல்ல, சாரக்காரன் பெண்சாதியோடு கண் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான்.

முதலில் கண்ணுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அறை அறையாக உட்காரவைத்தார்கள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட உங்க வீட்டுல இவ்வளவு பாக்கல" என்றாள் பெண்சாதி.

இருட்டறையில் பரிசோதிக்கிற பெண் அவனுடைய ஒரு கண்ணை மூடி, எதிரே சின்ன விளக்கைக் காட்டினாள்.

"எத்தனை விளக்கு தெரியுதுண்ணே?"

"ஒண்ணுதாம்மா."

பொய்யில்லை. விளக்கு ஒன்றுதான். அதற்குக் கீழே மங்கலாகத் தொங்குவது விளக்கல்ல, குருவி. கழிக்குக் கழி தாவுவதால் தம்பிக்கு அவன் வைத்த பெயர். அந்தக் குருவிதான் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். அதற்கப்புறம் தெருவிளக்கின் கீழே ஒரு நிழல் வந்தது. பிறகு எழுத்துக்குக் கீழே. பிறகு பெண்சாதியின் முகத்துக்குக் கீழே இன்னொரு முகமாக. சொன்னால் மந்திரிக்க இழுத்துப் போவார்கள். விரட்டவும் மனசில்லை, வைத்திருக்கவும் தைரியமில்லை. வாயைக் கட்டிக்கொண்டான்.

அடுத்த அறையில் மெஷினில் தாடையை ஊன்றினான். வளையம் வளையமாக வெளிச்சம். வந்த வண்ணப் படத்தில், கருவிழியின் அடிப்பக்கம் மட்டும் ரத்தக்கட்டுப்போலச் சிவந்திருந்தது. டாக்டரம்மா அதையே பார்த்தார்.

"லேசர் கூடாதுங்க. கருவிழி அடியில மெலிஞ்சு கூம்பாப் புடைச்சிருக்கு. லேசர் இன்னும் சீவிடும், இருக்கிற பார்வையும் போயிடும். கண்ணை ரொம்பக் கசக்குவீங்களா?"

பெண்சாதிதான் சொன்னாள்: "கொழுந்தன் போனதுலேருந்து இவரு அழுததே இல்லம்மா. கசக்குறதுதான்."

"இந்தக் கண்ணுக்கு எல்லாமே நிழலோட ரெண்டாத் தெரியுமே. ஒண்ணுன்னு சொல்லியிருக்கீங்க?"

"ரெண்டாவது... விளக்கு இல்லீங்களே."

பெண்சாதி திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மா கெட்டியான லென்ஸ் ஒன்றை எடுத்து அவன் கண்ணில் வைத்தார். மண் விழுந்தாற்போல உறுத்தியது. நீர் வடிந்து அடங்கியதும் விளக்கைப் பார்த்தான்.

ஒன்றுதான். அதற்குக் கீழே வெறும் சுவர்.

பெண்சாதியைப் பார்த்தான். ஒரே முகம். அதில் அவ்வளவு சுருக்கம் விழுந்திருந்தது அவனுக்குத் தெரியாது.

"இதப் போட்டுக்கிட்டு சாரம் ஏறலாங்களா?"

"சிமென்ட் தூசியில ஆகவே ஆகாது. கீழ இருக்கிற வேலையா பாருங்க. கண்ணைக் கசக்கவே கூடாது."

இனி செங்கல்தான். கை தன்னால் கண்ணுக்குப் போனது. பெண்சாதி எட்டி அதைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

அவன் மறுபடி விளக்கின் அடியைத் தேடினான்.

"தூங்கும்போதும் இது இருக்கணுமாங்க?"

"அய்யோ, கூடாது. படுக்கப் போறப்ப கட்டாயம் கழட்டிடணும்."

"சரிங்க" என்றான். பிறகு குரலை இறக்கி, பெண்சாதிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"விளக்க அணைச்சிடாத."