முழங்காலுக்குக் கீழே உப்பு

‘வைகாசி பதினொன்று, வியாழன். ஊற்றைத் தூர்வாரப் போன இடத்தில் கொஞ்சம் அதிகமாகத் தோண்டிவிட்டேன்.’

எழுதியதைப் பெருமாள் படித்துப் பார்த்தான். ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு என்று உறுத்தியது. பழவேற்காட்டில், ஒல்லாந்தர் கோட்டைக்கு வெளியே நடக்கும் சாயங்காலப் பாடத்தில் நாளுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுத்தாணி கீறியதை அழிக்க முடியாது. பக்கத்தில் ‘தொடை ஆழம்’ என்று சேர்த்தான்.

அவன் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேடு. முழங்கால் ஆழம் தோண்டினால் மழை விட்டுப்போன நல்ல தண்ணீர் கசியும். அதற்குக் கீழே உப்பு. தோண்டுவது ஆண்கள் வேலை. ஊறும்வரை குந்திக் காத்திருந்து குடம் சுமப்பது பெண்கள் வேலை. அப்படிக் காத்திருந்தே அக்கா எல்லம்மா, கடலோடு சேர்ந்து ஏரி வற்றி இறால் கிடைக்கும் நேரத்தைத் தவறவிடுகிறாளே என்றுதான் அவன் மண்வெட்டியை இன்னும் கீழே இறக்கினான். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தான்.

மறுநாள் கோட்டையில் காலைப் பீரங்கி வெடித்தபோது, இருட்டில் மொண்டுவந்த தண்ணீரில் காய்ச்சிய கஞ்சியை அக்கா ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.

“இன்னாடா இது? ஏரியவே மொண்டு காச்சினா மாதிரி கீது!”

பல் முளைக்கும் அவள் பிள்ளை கஸ்தூரி வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. வீட்டின் கடைசி அரிசி அந்தப் பானையில்தான் இருந்தது. கப்பல் வேலைக்குப் போன மாமா இன்னும் திரும்பவில்லை.

“நான்தான்கா. தொடை ஆழத்துக்கு வெட்டிட்டேன்.”

“எழுத்துப் படிக்கிறவன் இல்ல? முழங்கா எது, தொட எதுன்னு கேட்டுக்கினு வா.” சிரிக்காமல் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தாள். அடுத்த ஊற்று வடக்குக் குப்பத்தில். போய் வருவதற்குள் ஏரி ஏறிவிடும். ஏறினால் இறால் இல்லை. இறால் இல்லாமல், துறைக்கு நெல் கொண்டுவரும் காட்டூர் திரௌபதி அளக்கமாட்டாள்.

“ஏரிக்கு நான் போறேன்கா.”

“போ. சேத்துல கைய வெச்சிக்கினு யோசிக்காத.”

யோசித்தான். இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றை வரிசையாகத் துழாவினான்; விட்டுப்போயிருக்குமோ என்று துழாவின இடத்தையே மறுபடி துழாவினான். இறால் தப்பிக்க அது போதும்.

“இன்னா பெருமாளு, எறாலுக்குப் பாடம் சொல்லித் தர்றியா?” நிறைந்த பறியோடு கடந்துபோன பக்கத்து வீட்டு மாரி கேட்டாள். பதில் சொன்னால் பறி விழுந்துவிடும்.

துறையில் திரௌபதி அவன் பறிக்குள் எட்டிப்பார்த்து ஒரு கொட்டாங்குச்சி நெல் போட்டாள். “இதுக்கு இவ்ளோதான் தம்பி. நாளைக்கு உச்சி வரைக்கும் இருப்பேன். உங்க அக்காவ அனுப்பு. அப்பறம் மழ பேஞ்சாத்தான் இந்தப் பக்கம் வருவேன்.”

சாயங்காலம் அக்கா அரைக் குடத்தோடு வந்தாள். “அவங்களுக்கே பத்தலியாம். நாளைக்கு வராதன்னுட்டாங்க.” கொட்டாங்குச்சி நெல்லைக் குத்திப் பிள்ளைக்கு மட்டும் பொங்கினாள். கஸ்தூரி மென்று முடிக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு நீ ஏரிக்குப் போ. கொடத்த நான் எடுக்கிறேன்” என்றான் பெருமாள்.

“ஆம்பள கொடம் எடுத்தா ஊரையே கூட்டுவா பக்கத்து வூட்டு மாரி.”

“கூட்டட்டும்.”

“இடுப்புலயா, தலையிலயா?”

அவன் நிஜமாகவே யோசித்தான். “தோள்ல.”

அன்றைக்கு முதல்முறையாக அக்கா சிரித்தாள்.

பெருமாள் ஓலையை எடுத்தான்.

‘வெள்ளி. நாளைக்கு, பழைய ஊற்றை மணல் தள்ளி மூட வேண்டும். நன்றாகத் தள்ளிப் போய், முழங்காலைத் தாண்டாமல், அகலமாக வேறொன்று தோண்ட வேண்டும். முதலில் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊறும்வரை குந்தியிருந்து குடத்தை நிரப்பிக் கொண்டுவர வேண்டும்.’