மேஜையைக் கவ்விய மில்

என் அக்கா புருஷன், திட்டமிடுவது எப்படி என்று ஊருக்குப் பாடம் எடுப்பவர். கம்பெனிகள் அவரை அழைத்து, ‘முன்யோசனை’ பற்றி அவர் பேசுவதை ஏசி அறையில் கேட்டு, பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்துபோகும். அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில், மாவு அரைக்க ஒரு மில் வாங்குவது சாதாரணமாக நடந்துவிடுமா?

அக்காவுக்கு அவசரம். தெருமுனை பேக்கரிக்கார அம்மா அவள் சுட்ட கோதுமை ரொட்டியைத் தின்று பார்த்துவிட்டு, “சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கூடை கொண்டாங்க, வித்துப் பாப்போம். அன்னைக்கே அரைச்ச மாவா இருக்கணும். பழசுன்னா எனக்கு நாக்குல தெரிஞ்சிடும்” என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போனபிறகு அக்கா தனக்கென்று ஆசைப்பட்ட முதல் காரியம் அது. அடுத்த தெரு மில்லில் கொடுக்கலாம். ஆனால் கோதுமைக்கு முன்னால் அதில் மிளகாய் போயிருக்கும். ஆகவே வீட்டுக்கே ஒரு மில்.

அத்தான் ஆராய்ச்சியில் இறங்கினார். கரண்டில் ஓடுவது சத்தம் போடும், சத்தம் சிந்தனையைக் கெடுக்கும். வேகமாகச் சுற்றினால் மாவு சூடாகும், சூடானால் சத்து போய்விடும். கல் சக்கரமா இரும்புச் சக்கரமா என்ற விவாதத்தில் அந்த வீட்டில் பல நாள் வேறு பேச்சே இல்லை. கடைசியில், கையால் சுற்றும் இரும்பு மில்லில் வந்து நின்றார். சுற்றப்போகிற கை அக்காவுடையது என்பதால் அதிலுள்ள உழைப்பைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை எழவில்லை.

மில் வந்து சேர்ந்ததே வெள்ளிக்கிழமைதான். “எதுக்கும் நீ வாடா” என்று அக்கா கூப்பிட்டதால் சனிக்கிழமை காலையில் நானும் போய் நின்றேன்.

அதை மேஜை விளிம்பில் வைத்து, அடியிலுள்ள கிளாம்ப்பைத் திருகி இறுக்கவேண்டும். சமையல் மேடையின் கனத்துக்கு கிளாம்ப் முடிந்தமட்டும் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுத் தோற்றது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குறுக்கே ஒரு பலகை தடுத்தது. ஸ்டூலில் மாட்டினோம். கைப்பிடியைச் சுற்றினால் மில் நின்றது, ஸ்டூல் சுற்றியது.

“வாங்கறதுக்கு முன்னாடி மேஜைய அளந்தீங்களா அத்தான்?”

“அது செயல்படுத்தறப்ப வர்ற சிக்கல், மாப்ள. திட்டத்துல குறை இல்ல.”

அக்கா மில்லைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக அத்தானின் அறைக்குள் போனாள். துடைப்பம்கூட அனுமதி கேட்டு நுழையும் அறை அது. அங்கே ஜன்னலோரம் அவர் எழுதும் மேஜை. அதன் விளிம்பில் கிளாம்ப் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

“நான் சிந்திக்கிற எடம் அது.”

“தாராளமா சிந்திங்க. எனக்கு இந்த ஓரம் போதும்.”

“திங்கக்கிழமை பேச வேண்டியத எழுதணும்.”

“உங்களுக்கு அடுத்த திங்கக்கிழமையும் வரும். இன்னைக்குக் கூடை போகலன்னா அந்தம்மா என்னை மறுபடி கேக்க மாட்டாங்க.”

அத்தான் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். வரலாற்றில் பல பேரரசுகள் இப்படித்தான் பின்வாங்கியிருக்கும்.

சக்கரத்திலுள்ள எண்ணெயும் தூசும் போக முதல் பிடி கோதுமையை அரைத்துக் கொட்டினோம். பிறகு அக்கா சுற்றினாள், நான் சுற்றினேன், மறுபடி அக்கா. தோள்பட்டை விட்டுப்போயிற்று. பாத்திரத்தில் சேர்ந்த மாவு ஒரு எறும்புக் குடும்பத்தின் மதியச் சாப்பாட்டுக்குக் காணும். பிசைந்து, பொங்கவிட்டு, சுட்டு எடுக்க வேண்டாமா? அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் முகம் வாடிப்போனது எனக்குப் பிடிக்கவில்லை.

“முழங்கை தப்பு” என்றார் அத்தான், நாற்காலியிலிருந்து. “விசை தோள்லேருந்து வரணும். தள்ளு, காட்டறேன்.”

எழுந்து வந்து கைப்பிடியைப் பிடித்தார். விசை, நெம்புகோல், மனித உடல் என்று பேச்சு விரிந்தது. வாய் போன வேகத்துக்குக் கையும் போனது. மாவு பொலபொலவென்று கொட்டியது. அக்கா சத்தமில்லாமல் மேலே கோதுமையைப் போட்டுக்கொண்டே இருந்தாள். பேச்சு முடிந்தது. கையும் நின்றது.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், “அன்னைக்கு யாரோ கூட்டத்துல உங்கள எதுத்துக் கேள்வி கேட்டாங்கன்னீங்களே, என்ன சொன்னீங்க அவர்கிட்ட?” என்றாள்.

கை சுற்றத் தொடங்கியது. கேள்வி கேட்டவரை அவர் மடக்கி முடிப்பதற்குள் கோதுமை மொத்தமும் ஒருமுறை அரைபட்டுவிட்டது. ஆனால் எல்லாம் ரவைப் பதம். சக்கரங்களை நெருக்கும் திருகாணியை இறுக்கி இன்னொரு தடவை விடவேண்டும். இறுக்கினால் சுற்றுவது இன்னும் கஷ்டம். அத்தானுக்கோ மூச்சு வாங்கியது. இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அக்கா திருகாணியை இறுக்கினாள். “ஏங்க, பழைய ஆபீஸ்ல உங்களுக்கு வரவேண்டிய மேனேஜர் பதவிய அந்த மீசைக்காரருக்கு எதுக்குக் குடுத்தாங்க?”

நான் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன். அதன்பிறகு அந்தக் கை நிற்கவேயில்லை. மீசைக்காரரின் படிப்பு, அவர் சிபாரிசு பிடித்த விதம், அவர் எழுதிய கடிதத்திலிருந்த பிழைகள் எல்லாம் வரிசையாக வந்தன. மாவு பவுடர் மாதிரி விழுந்தது. கடைசிக் குறுணையும் தீர்ந்தபிறகு சக்கரம் வெறுமனே கடகடத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. “முடிஞ்சுதுங்க” என்று அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அத்தான் சட்டையெல்லாம் வெள்ளையாக நின்றார். “நான் இல்லன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

“அதானே” என்றாள் அக்கா. மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

சாயங்காலம் கூடை சூட்டோடு போய்ச் சேர்ந்தது. பேக்கரிக்கார அம்மா ஒரு ரொட்டியைப் பிய்த்து, மென்று, கண்ணை மூடித் திறந்தார். “அடுத்த வாரம் ரெண்டு கூடை.”

திரும்பி வரும்போது அக்கா காலிக்கூடையை ஆட்டிக்கொண்டே யோசித்து நடந்தாள்.

“டேய், அவருக்கு வேற யார் மேலடா கோவம் இருக்கு?”

“அவங்க அண்ணன் சொத்து பிரிச்ச கதை இருக்கே.”

“அதுல இப்ப கைவைக்காத. கல்யாண ஆர்டர் ஏதாவது வந்தா வேணும்.”