தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் தேவை

பள்ளேகந்தை ரப்பர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் காத்தமுத்து, தன் கையெழுத்தைத் தவிர வாழ்க்கையில் வேறெதையும் எழுதியவரல்லர். அந்தக் கையெழுத்தையும் போட்டு, கீழே இரண்டு கோடிழுத்து, ஒரு புள்ளி வைத்து, பேனாவைச் சட்டைப் பையில் செருகுகிற வரைக்கும் ஒரு பூசை மாதிரியே நடத்துவார். அவருடைய லெட்டர் இல்லாமல் கேகாலைப் பக்கத்தில் எந்த அரசாங்கக் கந்தோரிலும் தோட்டத்துப் பிள்ளைக்கு நாற்காலி கிடையாது என்பது ஊரறிந்த செய்தி. ஊருக்கு அதைச் சொன்னவரும் அவர்தான்.

லெட்டரை எழுதுகிறவள் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவிலிருக்கும் வெள்ளையம்மாவின் மகள் சுதர்ஷினி.

தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ்ப் பள்ளிக்கூடம் போய்ச் சிங்களம் எழுதத் தெரியாதவர்கள். மீதிப் பேர் கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடம் போய்த் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள். சுதர்ஷினிக்கு இரண்டும் தப்பில்லாமல் வரும். பொலிஸ் முறைப்பாடு, ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அவள் வாசலுக்கே வந்து சேரும். ஆனால் வெள்ளையம்மாவின் மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "சும்மாதான் இருக்கு" என்று அதே ஆட்கள் சொல்வார்கள்.

2003இல் பிரதேச செயலகத்துக்குத் தமிழ்மொழி உதவியாளர் ஒருவர் தேவையென்று அறிவித்தல் வந்தது. இரு மொழியும் வாசிக்க, எழுதத் தெரிய வேண்டும். அதே மாதக் கடைசியில் வெள்ளையம்மாவுக்கு வயது முடிந்து தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டுகிறார்கள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஒண்ணாந் தேதி காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பிரட்டுக்கு ஒங்க வீட்டுலருந்து ஒரு ஆளு வரணும். இல்லாட்டி குடியிருக்கிற லயத்துக் காம்பராவ குடுத்துருங்க."

வேலை கிடைத்தால் டவுனில் ஓர் அறை எடுத்து அம்மாவைக் கூட்டிப் போய்விடலாம். கிடைக்காவிட்டால் பால் வெட்டுகிற கத்தி. கணக்கு அவ்வளவுதான்.

லெட்டருக்காகத் தலைவரிடம் போனாள்.

"நீயே எழுதிட்டு வா புள்ள, கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றார் அவர். "அப்படியே இந்த நாலு பேருக்கும் சேத்து எழுதிரு. நம்ம கிருஷாந்துக்குக் கொஞ்சம் பலமா எழுது."

கிருஷாந்த் அவருடைய அக்கா மகன். சிங்களப் பள்ளிக்கூடத்துக்காரன். நால்வருக்கும் 'மாவட்டத்திலேயே தலைசிறந்த திறமைசாலி' என்று சிங்களத்தில் எழுதினாள். தன் கையாலேயே தன்னைப் புகழக் கூச்சமாயிருந்தது. தனக்கு மட்டும் 'இவருக்கு இரு மொழியும் தெரியும்' என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டாள்.

நேர்முகத்தேர்வில் மூன்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர், கணக்காளர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர். தமிழ் தெரிந்தவரைத் தெரிவுசெய்ய வந்த அம்மூவருக்கும் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. அது அவர்களுக்கு ஒரு குறையாகவும் தெரியவில்லை. தமிழ்ச் சுற்றறிக்கை ஒன்றை வேலைக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, சங்கீதம் கேட்பது போல் கேட்டார்கள்.

கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த சுதர்ஷினிக்குக் கிருஷாந்தின் குரல் கணீரென்று கேட்டது.

"அன்பார்ந்த பக்தகோடிப் பெருமக்களே! அம்பாளின் தேர் இன்னும் சொற்ப நேரத்தில் மேற்கணக்கை வந்தடையும். தேர் வரும் பாதையில் மாடு கட்டியிருப்பவர்கள் உடனடியாக அவிழ்த்துக்கொள்ளவும். காணாமற்போன சிவப்புச் சட்டைக் குழந்தை அன்னதான மடத்தில் அழுதுகொண்டிருக்கிறது…"

மாரியம்மன் திருவிழாவில் மூன்று நாளும் மைக்கை யாருக்கும் விடாதவன் அவன். சுற்றறிக்கையின் பக்கத்தைக்கூட உரிய இடத்தில் திருப்பினான். உள்ளே மேசையை மெல்லத் தட்டிப் பாராட்டுகிற சத்தம் கேட்டது.

அவள் முறை வந்தபோது எழுதியிருந்ததையே வாசித்தாள். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்கிற விஷயம். அதில் கேட்க என்ன சுகம் இருக்கிறது? "குரலில் உணர்ச்சி போதாது" என்றார் அதிபர்.

கிருஷாந்துக்கு வேலை கிடைத்தது. ஒன்றாம் தேதி விடியற்காலையில் சுதர்ஷினி பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தாள். காம்பரா தப்பியது.

இரண்டு மாதம் கழித்துத் பிரதேச செயலகத்தார் தோட்டத்துக்கே வந்து விண்ணப்பம் வாங்குகிற நடமாடும் சேவை வைத்தார்கள். அதற்கு முதல்நாள் பின்னேரம் கிருஷாந்த் கழுத்துப்பட்டியோடு அவள் லயத்துக்கு வந்தான். கையில் அதே சுற்றறிக்கை.

"அக்கா, இத அப்படியே சிங்கள எழுத்துல எழுதித் தாங்களேன். பாத்து வாசிச்சிருவேன்."

"ஏன், நீதான் நல்லா வாசிப்பியே தம்பி. நான் வெளியில இருந்து கேட்டேனே."

"வெளையாடாதீங்க அக்கா. பெரிய சேர் வாறாரு."

"எனக்குப் பால் வாளி கழுவணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் பிரட்டுக்களத்தில் பந்தல், கதிரை, ஸ்பீக்கர். செயலாளர் சிங்களத்தில் கால் மணி நேரம் பேசிவிட்டு, சுற்றறிக்கையைத் தமிழில் வாசிக்கச் சொல்லிப் பெருமையோடு கிருஷாந்தைப் பார்த்தார். அவன் தாளை விரித்தான். வியர்த்தான். பிறகு மைக் வாய்க்கு நேராக வந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"அன்பார்ந்த பக்தகோடிப் பெருமக்களே, அம்பாளின் தேர் இன்னும் சொற்ப நேரத்தில்…"

சனம் ஒரு கணம் திகைத்தது. பின்வரிசையில் ஒருத்தி பழக்கதோஷத்தில் "அரோகரா" என்றாள். அடுத்த கணம் முழுத் தோட்டமும் "அரோகரா" என்றது.

"என்ன சொல்கிறார்கள்?" என்று செயலாளர் கேட்டார்.

"ஒங்களுக்கு நன்றி சொல்றாங்க, சேர்" என்றார் காத்தமுத்து சிங்களத்தில், கண்ணிமைக்காமல்.

செயலாளர் எழுந்து கும்பிட்டார். இன்னொரு அரோகரா.

அதற்குப் பிறகு சனமெல்லாம் விண்ணப்பத் தாள்களோடு எங்கே போனது? பாலைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து களத்துப் படியில் உட்கார்ந்திருந்த சுதர்ஷினியிடம். வாளியைக் கவிழ்த்து மேசையாக்கி ஐம்பத்துமூன்று தாள் நிரப்பினாள். தாள்கள் அத்தனை மளமளவென்று வந்ததைக் கண்ட செயலாளர், கிருஷாந்துக்கு வேலைப்பளு அதிகம், ஓர் உதவியாளர் தேவை என்று குறித்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே தலைவர் வாசலில் நின்றார்.

"புள்ள, இன்னொரு வேல வருதாம். நம்ம விஜயகலாவுக்கு ஒரு லெட்டர் எழுதணும்."

விஜயகலா அவருடைய இளைய மகள். அவளும் சிங்களப் பள்ளிக்கூடம்தான்.

"அந்த வேலைக்கு நான் எழுதிப் போடலாம்னு இருந்தேன் தலைவரே."

"ஒனக்குத்தான் தோட்டத்துல நெரந்தரமா வேல இருக்கே. அதுவும் இல்லாததுங்க எங்க போகும்? எழுது, எழுது."

சுதர்ஷினி கொப்பியை எடுத்தாள். ஒரு தாளைக் கிழித்து, அழகான சிங்களத்தில் எழுதினாள்:

'ஐயா, இதைக் கொண்டுவரும் என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீங்கள் ஏற்கெனவே எடுத்திருக்கும் என் அக்கா மகனுக்கும் தெரியாது. எனக்கு எந்த மொழியும் வாசிக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தை எழுதியவளுக்கு இரண்டும் தெரியும். பதினொரு மணிக்குப் பிறகு பால் நிறுக்கிற இடத்தில் இருப்பாள்.'

"பலமா எழுதிருக்கியா?"

"இவ்வளவு பலமா இதுவரைக்கும் எழுதுனதில்ல."

தலைவர் தாளைத் தூரப் பிடித்து, மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டி, திருப்தியாகத் தலையசைத்தார். கையெழுத்துப் போட்டார். இரண்டு கோடு. ஒரு புள்ளி.

"நாளைக்கி நானே நேர்ல கொண்டு போய்க் குடுக்குறேன்" என்று பேனாவைப் பையில் செருகினார்.