தகட்டில் ஒரு துளை

சுடுகாட்டு ஆள் முனிசாமி குடத்தைச் சாய்த்ததும் சாம்பல் சீறியது. அடியில் இன்னும் சூடு இருந்தது. இன்னொரு குடம் ஊற்றிவிட்டு, கால் பக்கமாகக் குந்தி உட்கார்ந்து குச்சியால் மெல்லக் கிளறினார். எலும்பு பொறுக்குவதைக் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். தலை கடைசி.

யோகேஸ்வரி தம்பிக்குப் பின்னால் நின்றாள். அரவிந்தன் கையில் பால் சொம்பு இருந்தது. நேற்று அம்மாவை வைத்து எரித்த இடம் இவ்வளவு குறுகலாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"பொம்பள இங்கெல்லாம் வரத் தேவயில்லன்னு சொன்னேன்," என்றார் தர்மராஜ் மாமா, யாரையும் பார்க்காமல்.

"வுடுங்க மாமா," என்றான் அரவிந்தன். அக்கா ஏன் பிடிவாதமாக வந்தாள் என்பது அவனுக்கும் தெரியாது.

அவள் ஒரு பொருளுக்காக வந்திருந்தாள். அது முனிசாமியின் குச்சியில் ணங்கென்று பட்டது.

ஒரு சாண் நீளத்துக்கு மேல் போகும் ஒரு தகடு. தீயில் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. கொஞ்சமும் வளையவில்லை.

"கால்ல ஆபரேசனா?"

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாங்க. தொட எலும்பு," என்றான் அரவிந்தன்.

"இப்பல்லாம் ஆளாளுக்கு உள்ள ஒன்னு கீது சார். போன வாரம் ஒருத்தருக்கு ரெண்டு முட்டியும் வந்திச்சி, கடையில வாங்கினாப்பல. அதோ கீது பாரு." சுவரோரம் ஒரு பெயின்ட் டப்பாவைக் காட்டினார். தகட்டை அங்கே எறியக் கையை ஓங்கினார்.

"எங்கிட்ட குடுங்க," என்றாள் யோகேஸ்வரி.

துண்டில் வாங்கிக்கொண்டாள். துண்டுக்குள்ளும் சுட்டது.

அம்மாவுக்கு அது சுட்டதே இல்லை. "ராவெல்லாம் உள்ள ஏசி போட்டாப்பல சில்லுனு கீதுடி," என்பாள். பக்கத்து வீட்டுக் கிண்ணம் ஒன்று தன் சமையலறையில் ஓர் இரவு தங்கினால் தூக்கம் வராத ஆள் அமிர்தவல்லி. விடிந்ததும் ஒரு பிடி சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். இந்தத் தகட்டை எடுத்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேட்டாள். இந்த வயதில் திரும்பக் கிழிக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அன்று ஆட்டோவில் வரும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் செத்து கடலுக்குப் போவும்போது இது எங்கூட வரக் கூடாது. நீதான் பாத்துக்கணும்."

"எலும்புக்குன்னே செஞ்சதும்மா அது. உன் எலும்பு மாதிரிதான்."

"செஞ்சதுதானே. எங்கூட பொறந்துச்சா?"

சரிம்மா என்றாள் யோகேஸ்வரி, பேச்சை முடிப்பதற்காக.

நாவலூரில் அவள் அலுவலகத்துக்கு இப்படிப் பிரிப்பதுதான் வேலை. கப்பலில் வரும் சரக்கைச் சுங்க வரிக்காக வகை பிரிக்க வேண்டும். எதனால் ஆனது, என்ன உருவம், எதற்கு உதவும், எங்கிருந்து வந்தது. கதவில் முடுக்கும் திருகு உலோகச் சாமான்களோடு போகும். எலும்பில் முடுக்கும் திருகு, காது கேட்கும் கருவியும் ஊன்றுகோலும் இருக்கும் வரிசைக்குப் போய்விடும். அவள் இதை எத்தனையோ முறை யோசிக்காமலே எழுதியிருக்கிறாள். அம்மா உருவத்தையும் கேட்கவில்லை, உபயோகத்தையும் கேட்கவில்லை. கடைசிக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டாள்.

யோகேஸ்வரி துண்டை விரித்துப் பார்த்தாள். எல்லாத் துளையிலும் திருகு இருந்தது. கடைசித் துளை மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஒன்னு கொறையுது."

முனிசாமி எலும்புகளைப் பொறுக்கிப் போட்டிருந்த கலயத்துக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். விரல் நீள எலும்பு. அதன் நடுவில் திருகு இறங்கி நின்றது.

"இதுவா? நல்லா புடிச்சிகினு கீதும்மா. இழுத்தா எலும்பு மாவாயிடும்."

"அட, அப்டியே போடுப்பா," என்றார் மாமா. "வண்டி நிக்குது."

முனிசாமி யோகேஸ்வரியைப் பார்த்தார். அவள் தகட்டைத் துண்டில் சுருட்டினாள். அந்த எலும்பு கலயத்துக்குள் திரும்பிப் போனது. அரவிந்தன் மஞ்சள் துணியால் அதன் வாயைக் கட்டினான்.

பிரித்தால் உடையும் பொருளைப் பிரிக்காதே என்பது அலுவலகத்தில் விதி. எது அதற்குக் குணத்தைத் தருகிறதோ அதன் பெயரில் எழுது. அப்படிப் பார்த்தால் அது எலும்பு. அது அம்மா. கடலுக்குப் போகலாம். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். மாமா முன்சீட்டில் தூங்கிவிட்டார். கலயம் அரவிந்தன் மடியில் இருந்தது.

"அரவிந்தா." குரலைத் தாழ்த்தி, அம்மா ஆட்டோவில் கேட்டதை எல்லாம் சொன்னாள்.

ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்புகள் ஓடின.

"தெனம் நான்தான் அந்தக் காலுக்கு எண்ணெ தடவினேன்," என்றான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"உங்கிட்ட சொன்னா நீ அழுவன்னு நெனச்சிருக்கும்."

"நீ அழ மாட்டன்னு நெனச்சிச்சா?"

வண்டி மாமல்லபுரம் வளைவில் திரும்பியதும் மாமா விழித்துக்கொண்டார்.

கரையில் இழுத்துவிட்டிருந்த படகுகளின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கலயத்தைப் பார்த்ததும் நகர்ந்து வழி விட்டார்கள். மாமா மணலிலேயே நின்றுகொண்டார். "கடலுக்கு முதுக காட்டி வுடு. வுட்டுட்டு திரும்பிப் பாக்காத," என்று கத்தினார்.

அக்காவோடு இடுப்பளவு தண்ணீரில் அரவிந்தன் நின்றான். மஞ்சள் துணியை அவிழ்த்தான். உள்ளே கைவிட்டுத் தேடி, திருகு இறங்கிய அந்த எலும்பை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தான்.

"என்னால ஆவாது. உங்கிட்டதானே சொல்லிச்சி."

முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் திருகின் தலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. அம்மாவின் கால் இதை ஒருபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று தோன்றியது. அந்த எண்ணம் முழுதாக வருவதற்குள் அவள் கையை மூடினாள். முறுக்கு நொறுங்குவது போல இருந்தது. முனிசாமி சொன்னபோதுகூட அவ்வளவு எளிதாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டு விரித்தாள். வெள்ளையாக ஏதோ கலங்கிப் போனது. திருகு உள்ளங்கைக் குழியிலேயே கிடந்தது.

அதன் பிறகு அரவிந்தன் திரும்பி நின்று கலயத்தைத் தோளுக்குப் பின்னால் விட்டான்.

கரையேறியதும் மாமா வண்டியை நோக்கி நடந்தார். யோகேஸ்வரி படகில் சாய்ந்து நின்று புடவையைப் பிழிந்தாள். அரவிந்தன் அவள் பையிலிருந்து துண்டை எடுத்துத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கையை நீட்டினான். அவள் திருகைக் கொடுத்தாள்.

அதன் மரையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. கடைசித் துளையில் நுழைத்து, விரல் நுனியால் அழுத்தினான். சரியாக உட்கார்ந்தது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.